கையிருப்பா, இரண்டாவது சப்ளையரா, பக்கத்து ஆலையா?

சரக்கு வராமல் ஆலை ஒருமுறை நின்றுவிட்டால், அடுத்த கூட்டத்தில் மூன்று யோசனைகள் தவறாமல் எழும். ஸ்டாக்கைக் கூட்டுவோம் என்பார் ஸ்டோர்ஸ்காரர். ஒரே ஆளை நம்பியதுதான் தப்பு, இன்னொரு சப்ளையரைப் பிடிப்போம் என்பார் பர்ச்சேஸ்காரர். கடல் கடந்து வாங்கினால் இப்படித்தான் ஆகும், பக்கத்திலேயே வாங்குவோம் என்பார் மேலே இருப்பவர். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. மூன்றுக்கும் செலவும் இருக்கிறது. எல்லாப் பாகத்துக்கும் எல்லாவற்றையும் செய்யும் அளவுக்கு யாரிடமும் பணம் இல்லை என்பதால், எந்தப் பாகத்துக்கு எந்த வழி என்று முடிவு செய்தாக வேண்டும். நான்காவதாக ஒரு வழியும் உண்டு. அந்தப் பேச்சு இந்தக் கூட்டங்களில் எழுவதே இல்லை, ஏனென்றால் அதைச் செய்ய வேண்டிய டிசைன் ஆட்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். வழக்கமாக எல்லோரும் நிகழ்தகவிலிருந்து ஆரம்பிப்பார்கள்: அங்கே நிலநடுக்கம் வர எவ்வளவு வாய்ப்பு, இங்கே வேலைநிறுத்தத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு பெரிய அட்டவணை தயாராகும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணமும் பூசுவார்கள். அந்த அட்டவணையால் ஒரு முடிவும் எடுக்க முடியாது என்பது என் கருத்து. அபூர்வமாக நடக்கும் ஒன்றுக்கு நாம் போடும் சதவீதம் வெறும் ஊகம்தான்.

இதைவிட உருப்படியான ஒரு முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து செயல்படுத்திக் காட்டினார். ஒவ்வொரு சப்ளையர் இடத்துக்கும் இரண்டு எண்கள் போதும். அந்த இடம் முழுதாக நின்றுபோனால் திரும்ப ஓட எத்தனை நாள் ஆகும்? அது இல்லாமல் நாம் எத்தனை நாள் ஓட்ட முடியும்? முதலாவதை மீளும் நாள் என்றும் இரண்டாவதைத் தாங்கும் நாள் என்றும் வைத்துக்கொள்வோம். மீளும் நாள் 60, தாங்கும் நாள் 12 என்றால் 48 நாள் பள்ளம் இருக்கிறது. நின்றதற்குக் காரணம் தீயா, வெள்ளமா, திவாலா என்பது இந்தக் கணக்குக்கு வேண்டியதில்லை.

ஃபோர்டின் கணக்கில் வெளிவந்த ஒரு விஷயம் பர்ச்சேஸ் ஆட்கள் எல்லோரும் கவனிக்க வேண்டியது. அதிகப் பணம் கொடுத்து வாங்கும் சப்ளையர்கள்தான் அதிக ஆபத்தானவர்கள் என்று அமையவில்லை. சல்லிக்காசு பாகம் தருகிற பலர் நின்றால்தான் இழப்பு பெரிதாக இருந்தது. யோசித்தால் புரியும். எஞ்சின் சப்ளையரை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள், ரப்பர் வாஷர் தருபவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட யாருக்கும் தெரியாது.

ஆக, நம்முடைய எல்லா வழிகளும் அந்தப் பள்ளத்தைத் தூர்க்கும் வழிகள். எது எவ்வளவு நாளைத் தூர்க்கும், என்ன விலைக்குத் தூர்க்கும் என்று பார்க்கலாம்.

கையிருப்பு

ஸ்டாக் வைப்பதை வீண்செலவு என்று ஒரு தலைமுறையே படித்து வந்திருக்கிறது. அதனால் கையிருப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நிதித் துறையினர் முகம் சுளிப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் மாறும்.

ஒரு கற்பனை ஆலை. ஒரு நாளைக்கு 200 இயந்திரங்கள் செய்கிறது, ஒவ்வொன்றின் விலை 10,000, அதில் 20 சதவீதம் லாபமாக நிற்கிறது. வாரம் ஆறு நாள் வேலை. ஆலை ஒரு நாள் நின்றால் 4 லட்சம் போச்சு. இப்போது அந்த இயந்திரத்தில் போகும் ஒரு சீலை (கசிவைத் தடுக்கும் வளையம்) எடுத்துக்கொள்வோம், விலை 10. எட்டு வாரத்துக்கு வேண்டிய 9,600 சீல்களின் மதிப்பு 96,000. சரக்கை வைத்திருக்கும் செலவை, வட்டி, இடம், சேதாரம் எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு 20 சதவீதம் என்று போட்டால் 19,200 வருகிறது. எட்டு மணி நேர வேலை நாளில் இது 23 நிமிட நிறுத்தத்துக்குச் சமம். ஆண்டு முழுவதும் கிடைக்கும் எட்டு வாரப் பாதுகாப்புக்கு 23 நிமிட விலை! இதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணமே சொல்ல முடியாது.

அதே இயந்திரத்தின் மோட்டார் விலை 2,000. எட்டு வார ஸ்டாக் 1 கோடியே 92 லட்சம். வைத்திருக்கும் செலவு ஆண்டுக்கு 38 லட்சத்து 40 ஆயிரம். அதாவது ஏறக்குறைய பத்து நாள் ஆலையை மூடி வைப்பதற்கு ஆகும் இழப்பு, ஒவ்வொரு ஆண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் விபத்துக்கு இந்த விலை கட்டுப்படியாகாது. சீலுக்கு ஸ்டாக், மோட்டாருக்கு வேறு ஏதாவது என்ற முடிவு இந்த இரண்டு வரிக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. ஆனால் பல நிறுவனங்களில் நிலைமை தலைகீழ். எல்லாப் பாகத்துக்கும் ஒரே மாதிரி "இரண்டு வார ஸ்டாக்" என்று ஒரு விதி இருக்கும்.

கையிருப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு, ஸ்டாக் வைக்காமல் ஓட்டுவதற்குப் பேர்போன டொயோட்டாவே நல்ல உதாரணம். 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஜப்பானின் நாகாவில் கார்களுக்கான சிப் செய்த ரெனசாஸ் ஆலை சேதமாகி, மீண்டும் உற்பத்தி தொடங்க ஜூன் ஆகிவிட்டது. அதன்பின், மீளும் காலம் எவ்வளவோ அதற்கேற்ப இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான சிப்புகளைக் கையில் வைத்திருக்கும்படி டொயோட்டா தன் சப்ளையர்களுக்குச் சொல்லியிருந்தது. 2021 தொடக்கத்தில் மற்ற கார் நிறுவனங்கள் சிப் இல்லாமல் ஆலைகளை மூடியபோது டொயோட்டா பெரிய தடங்கல் இல்லாமல் ஓட்டியது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட்டில், செப்டம்பர் மாத உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக அதுவும் அறிவிக்க வேண்டி வந்தது. ஸ்டாக் காலத்தைத்தான் வாங்கித் தரும். அந்தக் காலத்துக்குள் வேறு ஏற்பாடு தயாராகாவிட்டால், நிற்கும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. பஞ்சம் வந்தபின் பதறிக்கொண்டு ஸ்டாக் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் சூடுபட்டுக்கொள்கிறார்கள். கிடைக்காதோ என்று ஒன்றுக்கு இரண்டாக ஆர்டர் போடுவார்கள், எல்லோரும் அப்படியே போடுவார்கள், சரக்கு மொத்தமாக வந்து சேரும்போது வாங்க ஆள் இருக்காது. அமெரிக்காவின் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட் 2022 ஜூனில், தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தள்ளப்போவதாக அறிவித்தது இப்படித்தான். அப்புறம், காலாவதியாகும் ரசாயனம், அடிக்கடி டிசைன் மாறும் பாகம் ஆகியவற்றுக்கு ஸ்டாக் பொருந்தாது. ஸ்டாக் முழுவதையும் சப்ளையரின் குடோனிலேயே விட்டுவைப்பதும் வீண். அவருடைய ஆலை எரிந்தால் குடோனும் சேர்ந்தே எரியும்.

இரண்டாவது சப்ளையர்

மோட்டாருக்கு இதுதான் சரியான வழி. ஆனால் இது காகிதத்தில் தெரிவதைவிடச் செலவானது. பாகங்களை வார்க்கும் அச்சு இரண்டு செட் செய்ய வேண்டும். மாதிரி, சோதனை, ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அளவு பிரிவதால் முதல் சப்ளையர் தந்த தள்ளுபடியும் கொஞ்சம் குறையும். இதையெல்லாம் தவிர்க்கச் சிலர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பார்கள்: இரண்டாவது ஆளுக்கு ஒப்புதல் மட்டும் கொடுத்து, பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, ஆர்டர் ஒன்றும் கொடுக்காமல் வைத்திருப்பது. தணிக்கைக்கு வருபவர்களுக்குக் காட்ட அது உதவும். நெருக்கடி அன்று போன் செய்தால், "எங்க ரெகுலர் கஸ்டமருக்கே குடுக்க முடியல சார், அடுத்த மாசம் பாக்கலாம்" என்ற பதில்தான் வரும். அவர் மீது தப்பில்லை. நாம் அவருக்கு யாரோ.

ஆகவே இரண்டாவது ஆளுக்கு ஓடும் ஆர்டர் இருக்க வேண்டும். 70-30 என்று பிரிப்பது பரவலான வழக்கம். அதிலும் ஒரு கணக்கு பார்க்க வேண்டும். 30 தருபவர் ஓவர்டைம் போட்டு, மூன்றாவது ஷிப்ட் ஓட்டி, உற்பத்தியைப் பாதி கூட்டினாலும் 45தான் வரும். மீதி 55க்கு என்ன வழி? அவர் முழு வேகத்துக்கு வரும்வரை தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் ஸ்டாக் வேண்டும். இரண்டு வழிகளையும் எதிரெதிராக வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கூட்டங்கள் தவறவிடுவது இதைத்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை, இரண்டு சப்ளையர்களும் பின்னால் ஒரே இடத்தில் போய்ச் சேர்வது. 2012 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் ரசாயன ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அங்கே தயாரான ரசாயனம் பிஏ-12 என்ற நைலான் வகைக்கு மூலப்பொருள். கார்களின் எரிபொருள் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் அந்த நைலான் வேண்டும். கார் நிறுவனங்களுக்குக் குழாய் தர ஒன்றுக்கு மேற்பட்ட சப்ளையர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பிளாஸ்டிக் தரவும் சிலர் இருந்தார்கள், ஆனால் தேடிப்போனால் பெரும்பாலோருடைய நூலும் அந்த ஒரு ஆலையில் போய் முடிந்தது. மாற்றுப் பொருள்களை வேகமாகச் சோதித்து ஒப்புக்கொள்வது எப்படி என்று பேச, போட்டி நிறுவனங்களே ஒரே அறையில் கூடின.

அதற்கு முந்தைய ஆண்டு தாய்லாந்து வெள்ளத்திலும் இதே கதை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் நீரில் மூழ்கின. அதன் போட்டி நிறுவனமான சீகேட்டின் சொந்த ஆலைகளுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் அதற்குப் பாகம் கொடுப்பவர்கள் மூழ்கியிருந்ததால் அதுவும் தட்டுப்பாட்டில் மாட்டியது. இரண்டு பேரிடமும் வாங்கிய கணினி நிறுவனம் தான் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்திருக்கும். ஆகவே இரண்டாவது சப்ளையரைத் தேடும்போது விலையைக் கேட்கும் முன் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சொல்ல மறுப்பவர்கள் இருப்பார்கள். மறுப்பதும் ஒரு தகவல்தான்.

எதிர்வாதம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் காரியாவில் ஐசின் ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் போகும் ஒரு சின்ன வால்வை ஏறக்குறைய முழுக்க அங்கேதான் செய்தார்கள். டொயோட்டாவிடம் இருந்த ஸ்டாக் சில மணி நேரத்துக்குத்தான் வந்தது. ஆலைகள் நின்றன. ஆனால் ஐசின் வரைபடங்களைத் தூக்கிக் கொடுக்க, அந்த வால்வைச் செய்தே பழக்கமில்லாத பல நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களைத் திருப்பிவிட்டன. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான கார் உற்பத்தி திரும்பிவிட்டது. ஒரே சப்ளையராக இருந்தும் மீளும் நாளை இவ்வளவு சுருக்க முடிந்தது, அக்கம்பக்கத்து நிறுவனங்களோடு பல ஆண்டுகள் பழகிய உறவால். அது ஆர்டர் போட்டு வாங்கும் பொருள் இல்லை என்பதால் இதை ஒரு தேர்வாக நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன். ஆனால் விலைக்காக ஆண்டுக்கு ஒரு சப்ளையரை மாற்றும் நிறுவனத்துக்கு யாரும் இப்படி ஓடிவர மாட்டார்கள் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் வாங்குவது

2021 மார்ச்சில் 400 மீட்டர் நீள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் ஆப்பிரிக்காவைச் சுற்றி, பத்து நாளுக்கு மேலும் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டி வந்தது. பக்கத்தில் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை என்பது உண்மை. லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை ஆகும் காலம், குறைகிறது, வழியில் மிதக்கும் சரக்கில் முடங்கும் பணம் குறைகிறது, பழுது வந்தால் காலையில் கிளம்பி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கிராக்கி ஏறி இறங்கும் பொருளுக்கு இது பெரிய லாபம்.

ஆனால் பக்கத்தில் இருப்பதும் பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் அப்போது விற்ற குழந்தைகளுக்கான பால்மாவு ஏறக்குறைய முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பாக இருந்தது. 2022 பிப்ரவரியில் மிச்சிகனின் ஸ்டர்ஜிஸ் நகரில் அபாட் ஆலை ஒன்று மூடியது, மே மாதம் கடை அலமாரிகள் காலி. வெளிநாட்டுப் பால்மாவு சுலபமாக உள்ளே வர முடியாதபடி வரியும் விதிகளும் இருந்ததால் சந்தை தானாகச் சரியாகவில்லை. கடைசியில் ஐரோப்பாவிலிருந்து ராணுவ விமானத்தில் பால்மாவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவில் பாக்ஸ்டர் ஆலையை வெள்ளத்தில் மூழ்கடித்தபோதும் இதேதான். நாட்டுக்கு வேண்டிய சலைன் போன்ற திரவங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்த ஒரு ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன.

இரண்டிலும் தூரம் பிரச்சினையே இல்லை. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான் பிரச்சினை. ஆக, தூரத்து ஆலையை மூடிவிட்டு முழுவதையும் பக்கத்துக்குக் கொண்டுவருவது ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் விழுவதாகவே முடியலாம். தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று வைத்தால் அது உண்மையில் இரண்டாவது சப்ளையர் வழிதான், அதன் நல்ல வடிவம் என்று சொல்லலாம். இருப்பதிலேயே அதிக முதலீடும் அதிக ஆண்டுகளும் கேட்கிற வழி இது. மேலிடத்துக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கிறது, திறப்பு விழா நடத்தலாம் இல்லையா.

டிசைனில் விட்டுவைக்கும் இடம்

கூட்டத்தில் யாரும் பேசாத வழி இது. பாகத்துக்குப் பதில் இன்னொரு பாகம் பொருந்தும்படி முன்கூட்டியே டிசைன் செய்து, சோதித்து, ஒப்புதலும் வாங்கி வைத்திருப்பது. 2021 சிப் பஞ்சத்தில் டெஸ்லா கிடைத்த மாற்று சிப்புகளுக்கு ஏற்ப மென்பொருளைத் திருத்தி எழுதிக்கொண்டது. மென்பொருள் அவர்கள் கையிலேயே இருந்ததால் முடிந்தது. அதை சப்ளையரிடம் விட்டிருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

எல்லோருக்கும் இது முடியாது, ஆனால் இதன் சின்ன வடிவம் எல்லோருக்கும் முடியும். பழைய வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மூலையில் ஒட்டுப் பசைக்கோ பிளாஸ்டிக்குக்கோ ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் கிரேடு பெயர் எழுதியிருக்கும். ஏன் அதுதான் வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. எப்போதோ ஒருவர் கையில் கிடைத்த சாம்பிளை வைத்துச் சோதித்தார், அது வேலை செய்தது, பெயரை எழுதிவிட்டார். அந்தப் பெயரை அழித்து, இவ்வளவு வெப்பம் தாங்க வேண்டும், இவ்வளவு இழுவிசை தாங்க வேண்டும் என்று தேவையை எழுதினால், அன்றைக்கே வாங்கும் இடம் ஒன்றிலிருந்து பலவாகலாம். செலவு இஞ்சினியர் நேரமும் சோதனைக் கட்டணமும் மட்டும். ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டிய செலவு இல்லை. மருந்து, விமானம் மாதிரி ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறு ஒப்புதல் வேண்டிய தொழில்களில் மட்டும் இது இழுத்தடிக்கும். அங்கே ஸ்டாக்கும் இரண்டாவது ஆலையும்தான் வழி.

காப்பீடும் கண்காணிப்பும்

சப்ளையர் நின்றதால் நமக்கு ஏற்படும் வருமான இழப்புக்கும் காப்பீடு கிடைக்கிறது. எடுக்கலாம். ஆனால் அது பணம் தரும், பாகம் தராது. வேறு கடைக்குப் போன வாடிக்கையாளரையும் திருப்பித் தராது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கண்காணிப்பு அப்படி இல்லை. 2000 மார்ச் 17 அன்று நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள், ஆனால் தூசியே ஆகாத அறைகளுக்குள் புகை போய்விட்டது. கைபேசி செய்த நோக்கியா, எரிக்சன் இரண்டுமே அங்கிருந்து வாங்கின. ஒரு வாரத் தாமதம் என்ற முதல் தகவலை நோக்கியா நம்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தினமும் விசாரித்தது, ஆட்களை அனுப்பியது, வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளிலும் வேறு சப்ளையர்களிடமும் இருந்த உற்பத்தித் திறனை வளைத்துப் போட்டது. எரிக்சன் விழித்துக்கொண்டபோது மிச்சம் ஒன்றும் இல்லை, மாற்று சப்ளையரும் இல்லை. ஏறத்தாழ 40 கோடி டாலர் விற்பனை போனது. கண்காணிப்பு தனியாகப் பள்ளத்தைத் தூர்க்காது. மாற்றுக் கொள்ளளவு எல்லோருக்கும் போதாது, முதலில் போனவருக்குத்தான் கிடைக்கும் என்பதால், மற்ற வழிகளின் மதிப்பு இதை வைத்துத்தான் ஏறும் இறங்கும்.

நான் தேர்ந்தெடுக்கும் வரிசை

முதலில் பாகங்களின் பட்டியலை எடுத்து, பள்ளம் இருப்பவற்றை மட்டும் பிரிப்பேன். அதில் விலை குறைந்தவை எல்லாவற்றுக்கும் மீளும் நாள் அளவுக்கு ஸ்டாக், விவாதமே இல்லாமல். அதே சமயம் வரைபடத் திருத்தத்தைத் தொடங்கிவிடுவேன், அதன் பலன் வர நேரமாகும் என்பதால். விலை அதிகமாகவும் பள்ளம் பெரிதாகவும் இருப்பவை கொஞ்சம்தான் மிஞ்சும். அவற்றுக்கு மட்டும் இரண்டாவது சப்ளையர், ஓடும் ஆர்டரோடு, வேறு மூலப்பொருள் வழியோடு, அவர் வேகம் பிடிக்கும்வரை தாங்கும் சின்ன ஸ்டாக்கோடு. இரண்டாவது ஆளும் கிடைக்காத பாகம் என்றால், முதல் சப்ளையரின் மீளும் நாளைக் குறைக்கப் பணம் போடலாம். அச்சின் நகல் ஒன்றை வேறு ஊரில் வைப்பது பல நேரங்களில் வாரக்கணக்கான காத்திருப்பை மிச்சப்படுத்தும். பக்கத்துக்கு ஆலையைக் கொண்டுவருவதை இந்தப் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன். அதுவும் லீட் டைம் குறைவதால் வரும் லாபமே அந்த முதலீட்டை நியாயப்படுத்தினால் மட்டும்.

சின்ன நிறுவனங்களுக்கு வரிசை கொஞ்சம் மாறும். சப்ளையரின் விற்பனையில் நம்முடைய பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை என்றால், பஞ்ச நேரத்தில் நம் 30 சதவீத ஆர்டருக்கு அங்கே மரியாதை கிடைக்காது. இருக்கிற சரக்கு பெரிய வாடிக்கையாளருக்கே போகும். அப்படிப்பட்டவர்கள் இரண்டாவது சப்ளையருக்கு அச்சு செய்யும் பணத்தை ஸ்டாக்கில் போடுவதே மேல். மோட்டார் மாதிரி விலை உயர்ந்த பாகமாக இருந்தாலும் எட்டு வாரம் வேண்டாம், மூன்று வாரமாவது தன் குடோனில், தன் பூட்டில் இருக்கட்டும்.